+1-இல் தொடங்கி +1-இலேயே முடிகிற வினை

ஒரு சேர்மத்தில் ஓர் அணுவின் கணக்கில் எத்தனை எலக்ட்ரான் கூடியது, குறைந்தது என்று சொல்கிற ஆக்ஸிஜனேற்ற எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பயமில்லாமல் போடுவார்கள். வேதியியலில் அவர்கள் பயப்படாத இடங்கள் குறைவு. அதனாலேயே ஆசிரியர்களும் இந்தப் பாடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறோம். ஆக்ஸிஜனுக்கு −2, ஹைட்ரஜனுக்கு +1, தெரியாததற்கு எக்ஸ். எல்லாவற்றையும் கூட்டி மூலக்கூறென்றால் பூஜ்யத்துக்கும், அயனியென்றால் அதன் மின்சுமைக்கும் சமன்படுத்தினால் விடை வந்துவிடும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7, டைகுரோமேட்டில் குரோமியம் +6, சல்பியூரிக் அமிலத்தில் கந்தகம் +6. ஒரு மதிப்பெண் கேள்வி, அரை நிமிட வேலை. ஏழாம் வகுப்பில் சமன்பாடு தீர்க்கக் கற்ற எந்தப் பிள்ளையும் இதைச் செய்துவிடும்.

என் மனத்தாங்கலும் அங்கேதான் இருக்கிறது. வேதியியல் துளியும் தெரியாத ஒருவரால் முழுசாகச் செய்துமுடிக்க முடிகிற ஒரு கணக்கு, வேதியியல் பாடத்தின் ஆதாரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸைக் கண்டுபிடித்த பிள்ளையிடம், "சரி, அந்த மாங்கனீசைச் சுற்றி என்ன இருக்கிறது? எத்தனை ஆக்ஸிஜன் எப்படிப் பிணைந்திருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விடைக்கு அது தேவைப்படவே இல்லையே! அணு எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலேயே அதன் எண்ணைச் சொல்லிவிட முடிகிறது என்பது ஒரு வசதிதான். பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்திய பிறகு, அந்த வசதி பிள்ளைகளிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது.

விதிவிலக்குப் பட்டியல்

எந்தப் பயிற்சி மையத்தின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாலும் இந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் விதிகள் இருக்கும், இரண்டாம் பக்கத்தில் விதிவிலக்குகள் இருக்கும். பெராக்சைடுகளில் ஆக்ஸிஜன் −1. சூப்பராக்சைடுகளில் −½. ஆக்ஸிஜன் டைபுளூரைடில் +2. உலோக ஹைட்ரைடுகளில் ஹைட்ரஜன் −1. கீழே சிவப்பு மையில் கட்டம் கட்டி, 'மனப்பாடம் செய்யவும்' என்று எழுதியிருப்பார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படி ஒரு குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்தாள். அதில் குரோமியம் பெராக்சைடு கணக்கு ஒன்று. ஒரு குரோமியம், ஐந்து ஆக்ஸிஜன். விதிப்படி போட்டால் எக்ஸ் +10 வருகிறது. அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள். பக்கத்தில் திருத்தியவர் +10-ஐ அடித்துவிட்டு +6 என்று எழுதி, 'விதிவிலக்கு' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு +10 ஏன் தப்பு என்று தெரியவில்லை. +6 எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகவே மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். குரோமியத்தின் வெளிக்கூட்டில் பிணைப்புக்குக் கிடைக்கும் எலக்ட்ரான்கள் மொத்தமே ஆறுதான். ஆறு வைத்திருப்பவனிடமிருந்து பத்தை எப்படி எடுப்பது? இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகியிருந்தால் +10 வந்த கணமே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். கேரோ அமிலத்திலும் இதே கதை. இரண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம், ஐந்து ஆக்ஸிஜன் என்று போட்டால் கந்தகத்துக்கு +8 வரும். கந்தகத்திடமும் ஆறு எலக்ட்ரான்தான் இருக்கிறது. இதுவரை மனிதர்கள் கண்ட உச்ச எண் +9. 2014-இல் வாயு நிலையில் இருந்த ஓர் இரிடியம் அயனியில் அதைக் கண்டறிந்தார்கள். இரிடியத்திடம் சரியாக ஒன்பது எலக்ட்ரான்கள் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

குரோமியம் பெராக்சைடை ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அமிலம் சேர்த்த ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்து, மேலே கொஞ்சம் ஈதரை ஊற்றி, குளிர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்துக் குலுக்கினால், மேலே மிதக்கிற ஈதர் அடுக்கு ஆழ்ந்த நீலமாக மாறும். ஆரஞ்சிலிருந்து அப்படியொரு நீலம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நீலம் நிலைக்காது. கொஞ்ச நேரத்தில் ஆக்ஸிஜன் குமிழிகளை விட்டுக்கொண்டே வெளுத்து, கீழே குரோமியம் +3-இன் பச்சை நிறம் தங்கிவிடும். அந்த நீலப் பொருளின் அமைப்பை வரைந்து பார்த்தால் ஐந்து ஆக்ஸிஜனும் ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். ஒன்று குரோமியத்தோடு நேரடியாக இரட்டைப் பிணைப்பில் நிற்கிறது. மற்ற நான்கும் இரண்டிரண்டாகத் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு குரோமியத்தைப் பிடித்திருக்கின்றன. நேரடியாக நிற்பது −2. ஜோடியாக நிற்கும் நான்கும் ஆளுக்கு −1. மொத்தம் −6. ஆகவே குரோமியம் +6. இதில் விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

இந்தப் பட்டியல் முழுவதும் ஒரே காரணத்திலிருந்து வருவதுதான். ஆக்ஸிஜனேற்ற எண் என்பது ஒரு கற்பனைப் பாகப்பிரிவினை. இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பொதுச்சொத்தை நாம் காகிதத்தில் பிரிக்கிறோம். எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலிமை, அதிகமுள்ள அணுவுக்கு மொத்தமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே தனிமம் என்றால் ஆளுக்குப் பாதி. பிரித்த பிறகு ஓர் அணுவின் கையில் எத்தனை இருக்கிறது, தனியாக இருக்கும்போது எத்தனை வைத்திருந்தது, இந்த இரண்டுக்குமான வித்தியாசம்தான் அந்த எண். அந்தக் கவர்தன்மைக்கு 1932-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கொடுத்த அளவுகோலில் புளூரின் ஏறத்தாழ 4, ஆக்ஸிஜன் 3.4, நைட்ரஜன் 3.0, கார்பன் 2.5, ஹைட்ரஜன் 2.2, சோடியம் 0.9. இந்த வரிசை மட்டும் மனதில் இருந்தால் போதும். புளூரினோடு சேர்ந்த ஆக்ஸிஜன் ஏன் கொடுக்கிற இடத்துக்குப் போகிறது, சோடியத்தோடு சேர்ந்த ஹைட்ரஜன் ஏன் வாங்குகிற இடத்துக்கு வருகிறது, பெராக்சைடில் ஆக்ஸிஜனுக்கு ஏன் ஒன்றுதான் கூடுதலாகக் கிடைக்கிறது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. 2016-இல் ஐயுபிஏசி என்ற சர்வதேச வேதியியல் அமைப்பு வெளியிட்ட வரையறையும் இதையேதான் சொல்கிறது. வெவ்வேறு தனிமங்களுக்கு இடையிலான பிணைப்புகளை அயனிப் பிணைப்புகளாகப் பாவித்தால் அந்த அணுவில் மிஞ்சும் மின்சுமைதான் ஆக்ஸிஜனேற்ற நிலை. அந்த வரையறையில் எக்ஸும் கிடையாது, −2 என்ற எண்ணும் கிடையாது. நாம் விதி என்று சொல்லிக்கொடுப்பவை எல்லாம் இந்த வரையறையின் விளைவுகள், அவ்வளவுதான். விளைவுகளை விதியாக்கினால் விதிவிலக்குகள் முளைக்கத்தான் செய்யும்.

இப்படிப் பிரித்த பிறகு வரும் எண்ணை அணுவின் நிஜ மின்சுமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு ஏழு எலக்ட்ரான்களை இழந்துவிட்டு நிற்கவில்லை. ஆக்ஸிஜன்களோடு அது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. +7 என்பது நாம் பிரித்துப் பார்த்த கணக்கு.

பெய்ரூட்டுக்குப் பிறகு வந்த கேள்வி

இதெல்லாம் கற்பிக்கும் முறை பற்றிய சின்ன அபிப்பிராய பேதம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமைப்பை வரைந்தால் என்ன, எக்ஸ் போட்டால் என்ன, வினைகளைச் சமன்படுத்தும்போது இரண்டும் ஒரே இடத்துக்குத்தானே கொண்டுபோய் விடுகிறது என்று. அந்த நினைப்பை மாற்றியது ஒரு மாணவி கேட்ட கேள்வி.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், கிடங்கில் வருடக்கணக்காகக் கிடந்த ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெள்ளை நிறக் கோளம் ஒன்று விரிந்து கட்டடங்களை விழுங்குகிற அந்தக் காணொளியை அந்த வாரம் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அதே உப்பு சரக்குப் பெட்டகக் கிடங்கில் இருப்பது அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அவசர அவசரமாக ஏலம் முடித்து ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அது ஊரடங்குக் காலம். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆன்லைனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நைட்ரஜன் சேர்மங்கள் வந்தன. அம்மோனியம் நைட்ரேட்டை மிதமாகச் சூடுபடுத்தினால் நைட்ரஸ் ஆக்சைடும் நீரும் கிடைக்கும் என்ற சமன்பாட்டை எழுதினேன். ஒரு பெண் மைக்கை ஆன் செய்தாள்.

"மிஸ், ரெண்டு பக்கமும் நைட்ரஜனுக்கு பிளஸ் ஒன்னுதான் வருது. ஹைட்ரஜனும் மாறல, ஆக்ஸிஜனும் மாறல. அப்போ இது ரெடாக்ஸ் இல்லதானே?"

எலக்ட்ரான் கைமாறுகிற வினையைத்தான் ரெடாக்ஸ் என்போம். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஒண்ணுமே மாறலன்னா பெய்ரூட்ல ஏன் மிஸ் அப்படி வெடிச்சுது?"

அவள் கணக்கு சரி. அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், மூன்று ஆக்ஸிஜன். இரண்டு எக்ஸ், கூட்டல் 4, கழித்தல் 6, சமம் பூஜ்யம். எக்ஸ் +1. நைட்ரஸ் ஆக்சைடில் இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். அதிலும் எக்ஸ் +1. வகுப்பில் யார் போட்டாலும் இதுதான் வரும். கணக்கு முழுக்கச் சரியாக இருந்து, அது சொல்கிற செய்தி முழுக்கத் தப்பாக இருக்கிற இடம் இது. "ரெண்டு நைட்ரஜனையும் ஏம்மா ஒரே எக்ஸ்ல போட்ட?" என்று கேட்டேன். "ரெண்டும் நைட்ரஜன்தானே மிஸ்" என்றாள். எனக்கு எல்லாம் அந்தப் பதிலில் விளங்கிவிட்டது. நாங்கள் கொடுத்த முறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: ஒரே தனிமம் என்றால் ஒரே எண்.

அன்றைக்குப் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எல்லோரையும் நோட்டில் இரண்டு அயனிகளையும் தனித்தனியாக வரையச் சொன்னேன். அம்மோனியம் அயனியில் நைட்ரஜனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். நைட்ரஜன் வலிமையானது. நான்கு பிணைப்பின் எட்டு எலக்ட்ரான்களும் அதற்கே. தனியாக இருந்தபோது ஐந்து, இப்போது எட்டு. ஆகவே −3. நைட்ரேட் அயனியில் நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஆக்ஸிஜன். இங்கே அவை வலிமையானவை. எல்லாவற்றையும் அவை எடுத்துக்கொள்ள, நைட்ரஜனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே +5. நைட்ரஜன் அடைய முடிகிற இரண்டு கடைசி எல்லைகள் இவை. −3-க்குக் கீழே அது போக முடியாது, +5-க்கு மேலேயும் போக முடியாது. கொடுக்கத் துடிக்கிற ஒன்றும் வாங்கத் துடிக்கிற ஒன்றும் ஒரே படிகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ் முறை இந்த −3-ஐயும் +5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, +1 என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

சூடுபடுத்தும்போது ஒரு நைட்ரஜன் மூன்று எலக்ட்ரான்களை இழக்கிறது, இன்னொன்று மூன்றைப் பெறுகிறது. சராசரி அசையவே இல்லை. நைட்ரஜன்-15 என்ற சற்றுக் கனமான ஐசோடோப்பை அடையாளத்துக்காக நைட்ரேட் பக்கத்தில் மட்டும் வைத்துச் செய்த சோதனைகள் இதை அழகாகக் காட்டுகின்றன. கிடைக்கும் நைட்ரஸ் ஆக்சைடில் ஆக்ஸிஜனோடு பிணைந்து நடுவில் நிற்பது நைட்ரேட்டிலிருந்து வந்த நைட்ரஜன், ஓரத்தில் நிற்பது அம்மோனியத்திலிருந்து வந்தது. சேர்ந்த பிறகும் எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் கலையவில்லை. மிதமான சூட்டில் நடக்கும் வினை இது. பெய்ரூட்டில் நடந்ததைப் போன்ற வெடிப்பில் சேர்மம் நைட்ரஜன், ஆக்ஸிஜன், நீராவி என்று முழுக்கச் சிதைகிறது. அத்தனையும் வாயு, அத்தனையும் ஒரே நேரத்தில், கூடவே வெப்பம். பெட்ரோலுக்கு வெளியிலிருந்து காற்று வேண்டும். இதற்கு வேண்டாம். ஆக்ஸிஜனேற்றியும் ஒடுக்கியும் ஒரே உப்பில் இருக்கின்றன.

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு இதே மாதிரி வினைகளைத் தேட ஆரம்பித்தேன். அம்மோனியம் நைட்ரைட்டைச் சூடுபடுத்தி நைட்ரஜன் வாயு தயாரிக்கும் வினை பாடத்திலேயே இருக்கிறது. சராசரி பூஜ்யத்தில் தொடங்கி பூஜ்யத்தில் முடிகிறது. உள்ளே −3-ம் +3-ம் சந்தித்துக்கொள்கின்றன. அப்புறம் பிளீச்சிங் பவுடர். மழை விட்ட பிறகு தெருவோரம் கோடாகத் தூவிவிட்டுப் போவார்களே, அதே வெள்ளைத் தூள். பாடப்புத்தக வாய்பாட்டின்படி அதில் ஒரு கால்சியம், ஒரு ஆக்ஸிஜன், இரண்டு குளோரின். எக்ஸ் போட்டால் குளோரினுக்குப் பூஜ்யம் வரும். நிஜத்தில் ஆக்ஸிஜனோடு ஒட்டிய குளோரின் +1, தனியாகக் குளோரைடாக இருப்பது −1. அதில் அமிலம் பட்டால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயுவாகிவிடும். அதன் எண் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு! கழிவறை கழுவ பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, கறை போகவில்லை என்று மேலே ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். பச்சை மஞ்சள் வாயு கிளம்பி மூச்சு முட்டும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். என் மாணவர்கள் இந்த ஒன்றை வீட்டில் போய்ச் சொன்னாலே இந்தப் பாடம் நடத்தியதற்கு எனக்குத் திருப்தி.

சராசரி செய்கிற வேலை

எக்ஸ் முறையைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், இல்லை. எலக்ட்ரான்கள் காணாமல் போவதில்லை. ஆகவே மொத்தக் கணக்கு எந்த வழியில் போட்டாலும் ஒன்றுதான். எத்தனை எலக்ட்ரான் கைமாறியது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற இடத்தில் சராசரியே வேலையை முடித்துவிடும். சாராயம் காடியாக மாறுவதை எடுத்துக்கொள்ளலாம். எத்தனாலில் இரண்டு கார்பனுக்கும் சராசரி −2, அசிட்டிக் அமிலத்தில் பூஜ்யம். கார்பனுக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு எலக்ட்ரான். வரைந்து பார்த்தால் மெத்தில் பக்கத்துக் கார்பன் −3-லேயே நிற்கிறது, அதற்கு எதுவும் ஆகவில்லை. மற்றது −1-இலிருந்து +3-க்குப் போயிருக்கிறது. அங்கேயும் நான்குதான். சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றே. வினை எந்தக் கார்பனில் நடந்தது என்பதை மட்டும் முதல் கணக்கு சொல்லாது. கரிம வேதியியலுக்குள் நுழைந்த பிறகு பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

பிளஸ் டூ செய்முறையில் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பார்கள், அதாவது எவ்வளவு ஊற்றினால் வினை முடிகிறது என்று அளப்பார்கள். பியூரெட்டில் அடர் ஊதா, கீழே கூம்புக்குடுவையில் நிறமற்ற அமிலம். அமிலத்தை முதலில் ஆவி பறக்கும் வரை சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் சொட்டு விழும்போது அது போகவே போகாது. இளஞ்சிவப்பாக அப்படியே நிற்கும், பிள்ளைகள் முடிவுநிலை வந்துவிட்டது என்று பதறுவார்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே பொறுத்திருந்தால் மெல்ல மறையும். இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம் மறையும். அதற்கப்புறம் ஊற்ற ஊற்ற மறையும். +7-இலிருந்து இறங்கி வருகிற மாங்கனீசு +2 அயனியே வினையை வேகப்படுத்துகிறது. அது கொஞ்சம் சேரும் வரைதான் தாமதம். இந்தச் செய்முறையில் கணக்குக்கு வேண்டியதெல்லாம் மாங்கனீசுக்கு ஐந்து எலக்ட்ரான், கார்பனுக்கு +3-இலிருந்து +4-க்கு ஒன்று, அவ்வளவுதான். எக்ஸ் போட்டே எடுத்துவிடலாம். ஆனால் குடுவைக்குள் நடப்பதை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த இளஞ்சிவப்பு ஏன் தயங்குகிறது என்பதும் பாடமாகிறது.

சராசரியே உண்மையாக இருக்கிற இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பொட்டாசியம் சூப்பராக்சைடில் இரண்டு ஆக்ஸிஜனும் சேர்ந்து ஒரே ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்திருக்கின்றன. எந்த ஆக்ஸிஜனிடம் அது இருக்கிறது என்று கேட்பதற்கு இடமே இல்லை. இரண்டும் எல்லா விதத்திலும் சமம். அங்கே −½ நேர்மையான விடை. மாக்னடைட் இன்னும் சுவாரசியமானது. சேலத்துக் கஞ்சமலையில் இருக்கிற, காந்தத்தில் ஒட்டுகிற கறுப்பு இரும்புத் தாது அதுதான். மூன்று இரும்பு, நான்கு ஆக்ஸிஜன். எக்ஸ் போட்டால் எட்டின் கீழ் மூன்று என்ற பின்னம் வருகிறது. பிள்ளைகள் பின்னத்தைப் பார்த்ததும் தப்பு என்று அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள். உண்மையில் ஓர் இரும்பு +2, இரண்டு இரும்பு +3. அதோடு முடியவில்லை. அந்த +3-களில் ஒன்று படிகத்தில் தனக்கென்று ஓர் இடத்தில் இருக்கிறது. மிச்சமிருக்கும் +2-ம் +3-ம் ஒரே வகையான இடங்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சாதாரண வெப்பநிலையில் எலக்ட்ரான் அந்த இடங்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருப்பதால், இது +2, அது +3 என்று சுட்டிக்காட்ட முடியாது. ஏறத்தாழ 120 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அந்த ஓட்டம் உறைந்து, மின்கடத்தும் திறன் திடீரென்று சரிந்துவிடும். ஆக, சராசரி சில இடத்தில் பொய், சில இடத்தில் மெய், மாக்னடைட்டில் வெப்பநிலையைப் பொறுத்தது. எது எங்கே என்பதை எக்ஸ் சொல்லாது. அமைப்புதான் சொல்ல வேண்டும்.

ஹைப்போவின் இரண்டு கந்தகங்கள்

இவ்வளவு பேசிய பிறகும் என் மனதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தயோசல்பேட். பழைய ஸ்டூடியோக்களில் ஃபோட்டோ கழுவப் பயன்படுத்திய ஹைப்போ. சல்பேட்டில் ஓர் ஆக்ஸிஜனுக்குப் பதில் ஒரு கந்தகம் உட்கார்ந்தால் அதுதான் தயோசல்பேட். எக்ஸ் போட்டால் கந்தகத்துக்கு +2. நுழைவுத் தேர்வுகளின் விடைக்குறிப்புகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஆனால் இரண்டு கந்தகமும் ஒன்றல்ல என்பது வெகு காலத்துக்கு முன்பே நிரூபிக்கப்பட்டது. கதிரியக்கக் கந்தகத்தைச் சல்பைட்டோடு சேர்த்துக் காய்ச்சித் தயோசல்பேட் செய்து, பிறகு அதில் அமிலம் ஊற்றினார்கள். கதிரியக்கம் முழுவதும் வீழ்படிவான கந்தகத்திலேயே திரும்பி வந்தது. வெளியேறிய சல்பர் டைஆக்சைடில் இல்லை. நடுக் கந்தகமும் ஓரக் கந்தகமும் இடம் மாறிக்கொள்ளவே இல்லை.

சரி, அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனி எண் என்ன? இங்கேதான் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஓரக் கந்தகத்தை ஆக்ஸிஜன் போலவே பாவித்தால் நடுவில் +6, ஓரத்தில் −2. இரண்டு கந்தகத்துக்கும் இடையே ஒற்றைப் பிணைப்பு வரைந்து பாதி பாதியாகப் பிரித்தால் +5, −1. இரட்டைப் பிணைப்பு வரைந்து பிரித்தால் +4, பூஜ்யம். மூன்றுக்கும் சராசரி +2 என்பதால் தேர்வில் யாருக்கும் பிரச்சினை வருவதில்லை. ஆனால் வகுப்பில் பிரச்சினை வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேகவியல் செய்முறையில் தாளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மேலே ஹைப்போக் கரைசலை வைத்து, அமிலம் சேர்த்து, குறி மறைகிற வரை நேரம் பார்ப்போமே, அந்த வினையில் கந்தகம் பூஜ்யமாகவும் சல்பர் டைஆக்சைடு +4-ஆகவும் வெளியே வருகின்றன. +4, பூஜ்யம் என்று எடுத்தவருக்கு அங்கே ரெடாக்ஸே நடக்கவில்லை. +5, −1 என்று எடுத்தவருக்கு நடந்திருக்கிறது. ஒரே பீக்கர், ஒரே வெண்மஞ்சள் கலங்கல்.

என் ஓட்டு +5, −1 பக்கம். காரணம் அயோடினோடு ஹைப்போ செய்யும் வினை. ஸ்டார்ச்சின் கருநீலம் ஒரே சொட்டில் மறைகிற அந்தத் தரம் பார்த்தலில், இரண்டு தயோசல்பேட் சேர்ந்து ஒரு டெட்ராதயோனேட் உருவாகிறது. நான்கு கந்தகம் சங்கிலியாக நிற்கும். கடைசியில் இருக்கும் இரண்டும் +5, நடுவில் இருக்கும் இரண்டும் பூஜ்யம். புதிய பிணைப்பு எங்கே விழுந்தது என்று பாருங்கள். இரண்டு தயோசல்பேட்டின் ஓரக் கந்தகங்களுக்கு இடையேதான். வேலை நடந்த இடத்தில்தான் எண்ணும் மாற வேண்டும். +5, −1 என்று தொடங்கினால் ஓரக் கந்தகம் −1-இலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது, ஆக்ஸிஜன்களுக்கு நடுவில் இருக்கிற +5 அசையாமல் அப்படியே நிற்கிறது. +4, பூஜ்யம் என்று தொடங்கினால் பிணைப்பு உருவான கந்தகம் மாறாமல், சும்மா இருந்த நடுக் கந்தகம் +4-இலிருந்து +5-க்கு ஏறியதாகக் காட்டும். அது எனக்குச் சம்மதமில்லை. +6, −2 எடுத்தாலோ நடு, ஓரம் இரண்டுமே நகர்ந்தாக வேண்டும்.

இந்த மூன்று படங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, டெட்ராதயோனேட்டைக் கீழே வரைந்து, எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் என்று கேட்கிறேன். பிள்ளைகள் உண்மையாகவே வாதாடுகிறார்கள். பெற்றோர் ஒருவர், தேர்வுக்கு வராததற்கு இவ்வளவு நேரமா என்று கேட்டார். அவர் கவலை நியாயமானது. அதனால் விடைத்தாளில் +2 என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன், நோட்டில் படம் இல்லாமல் வெறும் +2 மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.